கணக்கில் வராத ஓட்டம்

நீண்டு கிடந்த ஓடுபாதையில் ஒரே ஒரு கார் போய்க்கொண்டிருந்தது. வெண்ணெய் நிற ஹெரால்டு. மற்ற கார்கள் எல்லாம் புறப்படும் கோட்டிலேயே நின்று உறுமிக்கொண்டிருந்தன. கொடிக்காரர் கையைக் காட்டி அவற்றை நிறுத்தி வைத்திருந்தார். சவுக்குக் கட்டைகளால் கட்டிய மேடைகளில் உட்கார்ந்திருந்த கூட்டம் சிரித்தது. "அக்கா காய் வாங்கப் போய்க்கினு கீதுடா, வழிவுடு!" என்று எவனோ கத்த, சிரிப்பு அடுத்த மேடைக்கும் பரவியது. காரை ஓட்டியவள் என் மதினி, என் அண்ணனின் மனைவி. சுற்று எண்ணும் கூடாரத்தில் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்த எனக்குக் காது வரை சூடேறியது. கொஞ்ச நேரம்தான். கடைசிச் சுற்றில் அத்தனை கார்களும் ஹெரால்டின் முதுகில் ஏறிவிடுவதுபோலத் துரத்திக்கொண்டு வந்தபோது, சிரித்த அதே வாய்கள் "அக்கா, உடாத! உடாதக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தின. அன்று மதினிக்கு நாலாவது இடமோ ஐந்தாவது இடமோதான் கிடைத்தது. ஆனால் திரும்பி வரும் வழியில், ரெட்ஹில்ஸ் தாண்டும்வரை அவள் வாயே மூடவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. உலகப் போருக்காகப் போட்டு, பிறகு யாருக்கும் வேண்டாததாகிப் போன சோழவரம் விமானத் தளத்தில் வருடத்துக்கு ஒருமுறை, பிப்ரவரி வெயிலில், கார் பந்தயம் நடக்கும். அன்றைய ஓட்டங்களில் கூட்டம் காத்திருந்தது ஒன்றே ஒன்றுக்கு. ஹேண்டிகேப் என்று அதற்குப் பெயர். மெதுவான வண்டியை முதலில் விடுவார்கள். அதைவிட வேகமானதைச் சற்றுப் பொறுத்து விடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கார்களைக் கடைசியில்தான் அவிழ்த்துவிடுவார்கள். எந்த வண்டியை எவ்வளவு முந்தி விடுவது என்பதை, சனிக்கிழமைப் பயிற்சியைப் பார்த்து, கிளப்பில் ஒருவர் முடிவு செய்வார். அவர் போட்ட கணக்கு சரியாக அமைந்தால் கடைசிச் சுற்றில் எல்லா வண்டிகளும் ஒன்றாகக் கோட்டுக்கு வர வேண்டும். இது பந்தயமே இல்லை, பிச்சை போடுகிற வேலை என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அவர்கள் அந்தக் கடைசிச் சுற்றைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

மதினி தூத்துக்குடிக்காரி. அவள் அப்பாவுக்கு உப்பு லாரிகள் இருந்தன. பாவாடை சட்டை போடுகிற வயதிலேயே உப்பளத்து வெட்டவெளியில் லாரி ஓட்டப் பழகிவிட்டாள். எங்கள் குடும்பமும் தெற்கேயிருந்து வந்து தியாகராய நகரில் பாண்டி பஜார் பக்கம் ஜவுளிக்கடை போட்ட குடும்பம்தான். கடைக்கென்று ஒரு ஹெரால்டு இருந்தது. அண்ணனுக்கோ ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை வியர்க்கும். பனகல் பார்க்கைச் சுற்றி வருவதற்குள் மூன்று சாமிகளைக் கூப்பிட்டுவிடுவான். கல்யாணமான மறு மாதமே மதினி சாவியை வாங்கிக்கொண்டாள். முதன்முதலாகக் குடும்பத்தோடு சோழவரம் போய்விட்டு வந்த ராத்திரி, சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்து, "முந்தி விடுதாக, பொறவு துரத்துதாக. பிள்ளையள் விளையாட்டு மாதிரில்லா இருக்கு! இதுல நானும் ஓட்டுவேன்" என்றாள். அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. அண்ணன்தான், "அவ ஓட்டட்டும்ப்பா. நான் கண்ண மூடிக்கிடுதேன்" என்றான். கடைப் பெயர் கெட்டுவிடுமே என்று அப்பா கொஞ்ச நாள் புலம்பினார். கார் ஓட்டுகிற மருமகளை வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை என்று தெரிந்ததும் புலம்பலை நிறுத்திக்கொண்டார்.

இப்போது ஒரு ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். ரகசியம் என்ன ரகசியம், எல்லோரும் செய்ததுதான். சனிக்கிழமைப் பயிற்சியில் யாருமே முழு வேகத்தில் ஓட்ட மாட்டார்கள். மெதுவாக ஓடுகிற வண்டி என்று பெயர் வாங்கினால்தானே ஞாயிற்றுக்கிழமை முந்தி விடுவார்கள்? ஒருவர் கை பிரேக்கைப் பாதி இழுத்துவிட்டு ஓட்டுவார். இன்னொருவர் டயரில் காற்றைக் குறைத்துவிடுவார். நீலகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒருவர் இருந்தார். எஸ்டேட்காரர் என்றே எல்லோரும் சொல்வோம். அவருடையதுதான் இருப்பதிலேயே வேகமான கார். அவர் தன் டிரைவருக்குத் தன் ஹெல்மெட்டை மாட்டிப் பயிற்சிக்கு அனுப்பிவிடுவார். மதினியின் வழி எங்கள் தொழிலிலிருந்து வந்தது. டிக்கியில் துணி மூட்டையை ஏற்றிக்கொள்வாள். பாப்ளின் மூட்டை ஒன்று ஏறினாலே ஹெரால்டு பின்பக்கம் குந்திக்கொள்ளும். "வியாபாரத்துல சரக்க முதல்லயே எடுத்துப் போடக் கூடாது பிள்ள" என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். அதைப் பிறகு திருட்டுத்தனம் என்றார்கள். தங்கள் கை பிரேக்குகளை மட்டும் மறந்துபோனார்கள்.

அடுத்த வருடம் அவள் ஜெயித்தாள். எஸ்டேட்காரரின் கார் அவள் பின்பக்கத்தை முகர்ந்துகொண்டே வந்தும், கடைசி வளைவில் அவள் இடம் கொடுக்கவில்லை. கூட்டம் கயிற்றைத் தாண்டி ஓடி வந்துவிட்டது. அண்ணன் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் யார் ஜெயித்தது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். கோப்பையைக் கொடுப்பதற்குள் யாரோ புகார் சொல்லிவிட்டார்கள், ஹெரால்டின் இன்ஜினில் வேண்டாத வேலை செய்திருக்கிறது என்று. பானெட்டைத் திறந்தார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. விடாமல் டிக்கியையும் திறந்தார்கள். உள்ளே ஒரு துணி மூட்டை!

அது மதினி வைத்த மூட்டை இல்லை. பயிற்சிக்கு வைத்த இரண்டு மூட்டைகளையும் சனிக்கிழமை சாயங்காலமே இறக்கியாயிற்று. இது அண்ணனின் கைங்கரியம். வண்டி வெறுமனே போகக் கூடாது என்பது எங்கள் கடையில் வேதவாக்கு. ரெட்ஹில்ஸில் ஒரு சில்லறைக் கடைக்குக் கொடுக்க வேண்டிய சரக்கு இருந்தது, போகிற வழிதானே என்று அண்ணன் காலையில் தூக்கி வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அந்தக் கடை பூட்டியிருந்தது. அதோடு மறந்தும் போனான். ஆக, கார் பந்தயத்தை மூட்டையோடு ஓட்டி ஜெயித்த ஒரே ஆள் உலகத்திலேயே என் மதினியாகத்தான் இருப்பாள். அத்தோடு சிரித்து முடிந்திருக்கும். எங்கள் மெக்கானிக், ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருந்தவர், அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு முன்னால் வந்து, "இன்னா சார் பெரிய மூட்டை? நேத்து ரெண்டு இருந்துச்சு, இன்னிக்கு ஒண்ணுதான கீது!" என்றார். அவ்வளவுதான், பயிற்சி ரகசியம் மைதானத்தின் நடுவில் வந்து விழுந்தது. எடையைக் குறைக்கத்தான் விதியில் தடை இருந்தது, கூட்டத் தடை இல்லை. அதனால் கோப்பையைக் கொடுத்தார்கள். கொடுத்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த வருடக் கடைசியில் விதி மாறியது. இனி ஹேண்டிகேப் கிடையாது. எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் புறப்படும், முதலில் வருவது முதல். சின்னக் கார்களும் அதே ஓட்டத்தில் ஓடலாம், ஆனால் பெரிய கார் பின்னால் வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும், அவற்றில் முதலில் வருவதற்குத் தனியாக ஒரு சின்னக் கோப்பை. பெண்ணிடம் தோற்றதால்தான் மாற்றினார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது முழுக்கச் சரியென்று படவில்லை. பெண்ணிடம் தோற்றதைக்கூடப் பொறுத்திருப்பார்கள். ஜவுளி மூட்டை சுமக்கிற உள்ளூர்க் காரிடம் தோற்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.

புது விதியின்படி நடந்த முதல் ஓட்டத்தை நான் கூடாரத்திலிருந்து பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதே அதிகம். இரண்டாவது சுற்றிலேயே எஸ்டேட்காரர் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டார். பின்னால் வந்த பெரிய கார்கள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, கோயில் ஊர்வலம்போல வந்தன. சின்னக் கார்கள் ஓரத்தில் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டிருந்தன. கூட்டம் முதுகைத் திருப்பிக்கொண்டு போண்டா கடைக்குப் போனது. என் எதிர் மேடையில் ஒருவர் முகத்தில் செய்தித்தாளைப் போட்டுக்கொண்டு தூங்கினார். ஒலிபெருக்கியில் வர்ணனை சொல்பவருக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்காமல், காணாமல்போன பிள்ளைகளின் சட்டை நிறத்தை வாசித்துக்கொண்டிருந்தார். எஸ்டேட்காரர் கோட்டைத் தாண்டியபோது கைதட்டியது அவர் வீட்டு ஆட்கள் மட்டும்தான்.

சின்னக் கார்களில் மதினிதான் முதல். மேடைக்குக் கூப்பிட்டார்கள். போனாள். கோப்பையை நீட்டினார்கள். கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "இது எனக்கு வேண்டாம். ஒப்புக்குச் சப்பாணிக்குக் கோப்பை எதுக்கு?" என்றாள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது. விளையாட்டில் ஒரு பிள்ளை அழுகிறதே என்று சும்மா சேர்த்துக்கொள்வோமே, பிடித்தாலும் அவுட் இல்லை, ஜெயித்தாலும் கணக்கில்லை என்று, அந்தச் சப்பாணி. அதற்கு யாரும் அங்கே விளக்கம் கேட்கவில்லை. செய்தித்தாளுக்கு அடியில் தூங்கியவர்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார். மற்ற சின்னக் கார்க்காரர்கள் முதலில் தரையைப் பார்த்தார்கள், பிறகு கைதட்டினார்கள்.

கிளப் செகரட்டரிக்கு முகம் சிவந்துவிட்டது. மயிலாப்பூர் வக்கீல் அவர், கோபத்திலும் மரியாதை தவறாதவர். மறுவாரம் வீட்டுக்கு வந்து பேசும்படி சொல்லி அனுப்பினார். மதினியோடு நானும் கச்சேரி ரோட்டுக்குப் போனேன். "ஆத்துக்கு வந்துட்டுக் காபி சாப்பிடாம பேசப்படாது" என்று முதலில் காபி வந்தது. பிறகு அவர் பொறுமையாகச் சொன்னார். வெளிநாட்டில் எங்கும் ஹேண்டிகேப் இல்லை. அது இருக்கிறவரை எல்லோரும் பயிற்சியில் நாடகம் ஆடுவார்கள். "வேகமாப் போற வண்டி ஜெயிக்கணும். அதானேம்மா ரேஸ்?" என்று முடித்தார்.

"எது வேகமான வண்டின்னு வாங்கும்போதே தெரியும்லா சார்? விலைச்சீட்டப் பாத்து அன்னைக்கே கோப்பையக் குடுத்துரலாமே. இம்புட்டுச் சனத்த எதுக்கு வெயில்ல நிக்க வைக்கிய?" என்றாள் மதினி.

செகரட்டரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, விதியை மாற்ற முடியாது என்றார். அப்படியானால் மதிய இடைவேளையில் தளம் சும்மாதானே கிடக்கிறது, அப்போது நாங்களே ஹேண்டிகேப் ஓட்டிக்கொள்கிறோம் என்று இவள் விடவில்லை. கடைசியில் அவர், கொடியும் ஆம்புலன்சும் தருகிறேன், ஆனால் அது வெறும் வேடிக்கை ஓட்டம், யார் வந்தது எது வந்தது என்று கிளப் பதிய மாட்டாது, "கணக்குல வராது, சரியா?" என்றார். "கணக்குல இல்லாமலே ஓட்டுதோம்" என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். வெளியே வந்ததும், என்ன மதினி இப்படி ஒத்துக்கொண்டீர்களே, இதுவும் சப்பாணி ஆட்டம்தானே என்று கேட்டேன். அவள் லஸ் முனை வரைக்கும் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த பிப்ரவரியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், சின்னக் கார்க்காரர்கள் எல்லோரும் ஒரு வேப்பமர நிழலில் கூடினார்கள். யாரை எவ்வளவு முந்தி விடுவது என்று தங்களுக்குள்ளேயே பேசி முடிவு செய்ய வேண்டும். அப்போதுதான் ஒரு விசித்திரம் நடந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. கை பிரேக்கை இழுத்தவர், டயர் காற்றைக் குறைத்தவர் எல்லோரும் தங்கள் வண்டியின் உண்மையான வேகத்தைச் சொன்னார்கள். முதலில் சொன்னவள் மதினி. ஜெயித்தால் பெயர் வராத இடத்தில் மறைத்து என்ன ஆகப்போகிறது? நல்ல பந்தயம் ஒன்று வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு. நாடகம் ஆடுவார்கள் என்று செகரட்டரி சொன்னதை நினைத்துக்கொண்டேன். நாடகத்தை ஆட வைத்தது ஹேண்டிகேப் இல்லை, கோப்பைதான் என்று அவருக்கு அப்போதே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

பேசி முடிக்கிற நேரத்தில் எஸ்டேட்காரர் வந்தார். சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி, "நானும் வரலாமாங்க?" என்றார். எல்லோரும் மதினியைப் பார்த்தார்கள். "வாங்க. ஆனா கடைசியாத்தான் விடுவோம். உங்களுக்கு முன்னால நாங்க எல்லாரும் போயிருப்போம்" என்றாள். "அதுக்குத்தாங்க கேக்கறேன்" என்றார் அவர்.

கொடி பிடித்தது நான். முதல் வண்டியை விட்டதும் போண்டா கடையில் நின்ற தலைகள் திரும்பின. ஹெரால்டை விட்டபோது பாதிக் கூட்டம் எச்சில் கையோடு மேடை ஏறிவிட்டது. எஸ்டேட்காரர் மட்டும் தனியாக என் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மற்ற வண்டிகளின் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருக்க, அவர் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. ஒன்றும் செய்ய முடியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும். கொடியை இறக்கினேன். பந்தயக் கார் இன்ஜினில் ஊற்றுகிற ஆமணக்கெண்ணெய் எரிந்த வாடையை என் முகத்தில் அடித்துவிட்டுப் போனார்.

கடைசிச் சுற்றுக்கு வந்தபோது ஹெரால்டு முதலில் இருந்தது. பின்னால் ஒரு கொத்தாக மற்ற வண்டிகள். அவற்றுக்கு நடுவே எஸ்டேட்காரர் ஒவ்வொன்றாகத் தாண்டி வந்துகொண்டிருந்தார். யாரும் அவருக்கு ஒதுங்கி வழிவிடவில்லை, அவரே வழி தேடிக்கொண்டு வந்தார். கூட்டம் எழுந்து நின்றது. வர்ணனையாளர் வெறுமனே "ஐயோ, ஐயோ" என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி வளைவில் மதினி கொஞ்சம் வெளிப்பக்கம் விலகிப் போய்விட்டாள். ஒரு முழம் இருக்கும். அந்த இடைவெளியில் அவர் மூக்கை நுழைத்தார். கோட்டில் நான் நின்றேன், குறுக்கே வேறு யாரும் இல்லை. எஸ்டேட்காரர் முதல். அரை பானெட் பின்னால் என் மதினி.

அவர் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். மதினியிடம் வந்து, "எத்தனையோ தடவை ஜெயிச்சிருக்கேங்க. தோத்துடுவோமோன்னு இப்படிப் பயந்து ஜெயிச்சதில்ல" என்றார். மதினி அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. காரைச் சுற்றிப் போய் முன்சக்கரத்தை ஓர் உதை உதைத்தாள். பிறகு பானெட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். சிரித்த முகமாகவே நான் பார்த்துப் பழகியவள், தோற்ற ஆத்திரத்தில், சத்தம் போட்டு அழுதாள். அண்ணன் செய்வதறியாமல் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றான்.

செகரட்டரி ஓடி வந்தார். நல்ல மனிதர். அவள் அழுவதைப் பார்த்துப் பதறிப்போய், "ஏம்மா, இது கணக்குலயே இல்லையே. சும்மா வேடிக்கைக்கு ஓட்டினது. இதுக்குப் போய் அழுவாளா?" என்றார்.

மதினி தலையை நிமிர்த்தினாள். முகமெல்லாம் எண்ணெய்க் கரியும் கண்ணீரும். "கணக்குல இல்லன்னா நான் எப்படி சார் தோத்தேன்?" என்றாள்.

வழக்காடியே வாழ்க்கை நடத்திய மனிதர், அண்ணன் கையிலிருந்த செம்பை வாங்கித் தானே தண்ணீரைக் குடித்தார். பெரிய ஓட்டம் சாயங்காலம் வழக்கம்போல நடந்தது, எஸ்டேட்காரர் வழக்கம்போல ஜெயித்தார், கோப்பையை வாங்கும்போது கொட்டாவியை அடக்கினார் என்பது என் கண்ணால் கண்டது.

மதிய ஓட்டத்துக்கு மறுபடி அனுமதி கிடைக்கவில்லை. நேரமில்லை என்றார்கள். கூட்டத்துக்கு அது பிடித்துப்போய், சாயங்காலம் வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்று பயந்திருப்பார்கள், வேறென்ன? சின்னக் கோப்பைக்கு வாருங்கள் என்று மதினியைக் கூப்பிட்டார்கள். "கணக்குல சேக்கட்டும், வாரேன்" என்றாள். சேர்க்கவில்லை. அவளும் போகவில்லை. பாலவாக்கத்தில் அண்ணன் கட்டிய வீட்டில்தான் கடைசிவரை இருந்தாள். சாவதற்கு முந்தின வருடம்கூடக் கடற்கரைச் சாலையில் தானே கார் ஓட்டிக்கொண்டு அடையாறுக்கு என்னைப் பார்க்க வந்து, வழியில் முந்திப் போனவர்களையெல்லாம் திட்டித் தீர்த்துவிட்டுப் போனாள்.

இப்போது டிவியில் பெரிய பந்தயங்களைக் காட்டுகிறார்கள். முன்னால் போகிற கார் தனியாகப் போய்விட்டால் பார்க்கிறவர்களுக்குச் சலித்துவிடுகிறதாம். அதனால் வருடம் தவறாமல் விதியை மாற்றுகிறார்கள். பின்னால் வருகிற கார் ஒரு பொத்தானை அழுத்தினால் அதன் பின்பக்கத்து இறக்கைப் பலகை திறந்து வேகம் கூடும் என்று ஒரு விதி போட்டார்கள். சில இடங்களில் வேகமானவர்களைப் பின்வரிசையில் நிறுத்திப் புறப்பட வைக்கிறார்களாம். அண்ணன் பேரன் இதையெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு மாதிரி எனக்கு விளக்குகிறான். நான் தலையாட்டிக்கொண்டே கேட்கிறேன், உள்ளுக்குள் மதினி கெக்கலி கொட்டிச் சிரிக்கிறாள்.

போன மாதம் ஓர் இளைஞர் ஃபோன் செய்தார். பழைய சோழவரம் பந்தயங்களின் முடிவுகளைத் தொகுக்கிறாராம். மதிய ஓட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "ரெகார்டுல அப்படி ஒண்ணும் இல்லையே மேடம்" என்றார், தன்மையாகத்தான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தம்பி, அந்தக் கூடாரத்தில் உட்கார்ந்து அத்தனை வருடம் சுற்று எண்ணிக் கொடுத்தவள் நான். என் எண்ணிக்கையை உங்கள் கிளப் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. இதையும் சந்தேகப்பட வேண்டாம். முதலில் வந்தவர் எஸ்டேட்காரர். இரண்டாவது என் மதினி. வழிவிட்டு அல்ல, ஒதுங்கி நின்று அல்ல, கடைசி வளைவுவரை முன்னால் ஓட்டி, அரை பானெட் வித்தியாசத்தில் அவள் தோற்றாள். எழுதிக்கொள்ளுங்கள்.